மாப்பிள்ளை வெளியே நிற்கவும்

1

எங்கள் ஊர் இந்தியக் கடையில் (ஊர் என்றால் இங்கிலாந்தின் வடக்கே, மழை நின்றால் பேப்பரில் செய்தி போடுகிற சின்ன ஊர்) போன சனிக்கிழமை என் மகள் மேகா ஒரு மாம்பழக்கூழ் டின்னை எடுத்துக் கூடையில் போட்டாள். லஸ்ஸி அடிக்கவாம். நான் டின்னைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மூக்குக்கு நேரே வைத்தால்தான் தெரிகிற எழுத்தில் ‘சித்தூர் மாவட்டம், ஆந்திரப் பிரதேசம்’ என்றிருந்தது. போன வருஷத்துச் சீசனில் அடைத்தது.

“இதுல உங்க தாத்தாவோட காய் இருந்தாலும் இருக்கும்” என்றேன்.

“தாத்தா டின்னுக்குள்ளயா?” என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காதில் அந்த வெள்ளைப் பட்டாணியைச் செருகிக்கொண்டாள்.

பதினாலு வயசு. தமிழ் புரியும், எங்கள் தமிழ் புரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆன்லைன் வகுப்பில் ஒரு டீச்சர் சுத்தமான தமிழ் சொல்லித் தருகிறார். ஒருமுறை வீடியோவில் தாத்தா, அதாவது என் மாமனார், “துன்னியா கண்ணு?” என்று கேட்க, இவள் போனைப் பொத்திக்கொண்டு, “டாட், அது கெட்ட வார்த்தைன்னு டீச்சர் சொன்னாங்க” என்றாள். தாத்தா ரோஷக்காரர். அடுத்த வாரத்திலிருந்து பேத்தியிடம் தெலுங்கில் பேச ஆரம்பித்தார். அவளுக்குத் தெலுங்கு ஒரு எழுத்து தெரியாது, அதனால் இருவருக்கும் நடுவில் கருத்து வேறுபாடே வரவில்லை. நான் என் தகப்பனாரை நைனா என்று கூப்பிட்டேன். இவள் என்னை டாட் என்கிறாள். அப்பா என்கிற நல்ல சொல் எங்கள் வம்சத்தில் உள்ளே நுழைய வழி இல்லாமல் வாசலிலேயே நிற்கிறது.

சரி, டின்னுக்கு வருகிறேன். அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே எனக்கு மூச்சு வாங்கியது. அதன் காரணத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஒரு கோழை தன் பயத்தைப் பற்றி எழுதுகிற கட்டுரை இது. தைரியசாலிகள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

2

நான் இங்கே ஐ.சி.யூ.வில் நர்ஸ். வென்டிலேட்டர் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது தொழில். வாய் வழியாகக் குழாய் போட்டு, மூச்சு விடுகிற வேலையை மெஷினிடம் ஒப்படைத்திருப்பார்கள். மிச்சம் எல்லாம் என் பாடு. குழாய் அரை விரல் நகராமல் பார்க்க வேண்டும். தலைமாட்டை உயர்த்தியே வைக்க வேண்டும். சளியை உறிஞ்ச வேண்டும், பல்லும் நாக்கும் துடைக்க வேண்டும், முதுகில் புண் வராமல் புரட்டிப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மயக்கத்தில் இருந்தாலும் காது கேட்கலாம் என்பது எங்கள் பாடம். பதில் சொல்ல முடியாத ஒருவரிடம் நான் நாள் முழுக்கப் பேசுவேன். வீட்டில் என் நிலைமைக்கு நேர் எதிர்.

என் மாமனார் பெயர் முனிரத்தினம். புத்தூர் பக்கத்துக் கிராமம். மாந்தோப்பு, கொஞ்சம் கரும்பு. எனக்குப் பெண் கொடுத்தபோது அவருக்கு இருந்த ஒரே வருத்தம் ‘மாப்பிள்ளை நர்ஸு’ என்று வெளியே சொல்ல வேண்டியிருந்ததுதான். அந்த வார்த்தைக்குப் பின்னால் அவருக்கு ஒரு வெள்ளைப் புடவையும் தொப்பியும் தெரிந்திருக்கின்றன. ஆகவே பத்திரிகை கொடுக்கப் போன வீட்டில் எல்லாம், “மாப்ள ஃபாரின்ல ஆஸ்பத்திரில கீறாரு” என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டார். “அய்யோ, இன்னா ஒடம்புக்கு?” என்று பாதிப் பேர் விசாரித்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தில் பலர் நான் எழுந்து நடப்பதைப் பார்த்து மனசாரச் சந்தோஷப்பட்டார்கள்.

போன வருஷம் தோத்தாபுரி மாங்காய் லோடு ஏற்றிக்கொண்டு சித்தூர் கூழ் ஃபேக்டரிக்குப் போனார். சீசனில் ஃபேக்டரி வாசலில் டிராக்டர்கள் ரோட்டையே அடைத்துக்கொண்டு நிற்கும். வரிசை எறும்பு மாதிரி நகரும். வெயிலில் காய் பழமாகும், பழம் அழுகும். இவருக்குக் காய்ச்சலும் இருமலும் கிளம்பும்போதே இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசை போய்விடும் என்று டிராக்டரிலேயே உட்கார்ந்துவிட்டார். கேட்டுக்குள் லோடு நுழைந்தது. இவர் கீழே சாய்ந்தார். நிமோனியா. சித்தூரிலேயே குழாய் போட்டு, ஆம்புலன்ஸில் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள்.

என் மனைவி சுகுணாவுக்குப் போன் வந்தபோது நான் சமையலறையில் இருந்தேன். அவள் அழுதாள். நான் அழவில்லை. தொழில்காரன் அல்லவா? “பயப்படாத. மெஷின்ல வெக்கறது நுரையீரலுக்கு ஒரு ஓய்வு, அவ்வளோதான். நான் தெனம் பாக்கறது” என்று நிதானமாக, அழகாக, வரிசைக்கிரமமாக விளக்கினேன்.

“அது சரி, எதுக்கு வெறும் டம்ளர ஆத்திக்கினே கீறீங்க?” என்றாள் சுகுணா.

பார்த்தேன். இரண்டு டம்ளர்களை வைத்துக்கொண்டு காற்றை ஆற்றிக்கொண்டிருந்தேன். டீயே போடவில்லை.

சுகுணாவால் கிளம்ப முடியவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் ஏதோ ஒரு அலுவலகத்தின் வயிற்றில் செரித்துக்கொண்டிருந்தது. நான்தான் போக வேண்டும். லீவுக்குக் கம்ப்யூட்டரில் எழுதினால், நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று ஒரு பட்டியல் விரிந்தது. மனைவி உண்டு, குழந்தை உண்டு, பெற்றோர் உண்டு. மாமனார் இல்லை. கடைசியில் ‘மற்றவை’ என்று ஒன்று இருந்தது. எனக்குக் காலில் விழ அனுமதி தராமல் தோளைப் பிடித்து நிறுத்துகிற மனுஷனை ‘மற்றவை’ என்று போட எனக்குக் கை வரவில்லை. போட்டேன்.

3

சென்னையில் இறங்கி டாக்ஸி பிடித்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நாலு நாள் தாடி, சிவந்த கண், மடியில் ஒரு பை.

“தரிசனத்துக்கா சார்?”

“ஆமா.”

“ஸ்பெஷலா, சர்வ தரிசனமா?”

“ஒருத்தர மட்டும்தான் உள்ள உடுவாங்களாம்” என்றேன். அவர் பாட்டுச் சத்தத்தைக் குறைத்தார். நகரி தாண்டி, புத்தூர் தாண்டி, திருப்பதி வரும்வரைக்கும் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஐ.சி.யூ. தரிசனமும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. வாசலில் நாற்காலி வரிசை, பாதிப் பேர் மொட்டை. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். உள்ளே போனவர் கட்டிலைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பதற்குள் செக்யூரிட்டி, “ஜருகண்டி, ஜருகண்டி” என்பார். நகருங்கள் என்பதற்கு அந்த ஊரில் வேறு சொல் கிடையாது.

நான் நகரவில்லை. என் இங்கிலாந்து ஆஸ்பத்திரி அடையாள அட்டையை எடுத்துக் காட்டினேன். அதில் என் போட்டோ பாஸ்போர்ட் திருடன் மாதிரி இருக்கும். இருந்தும் வேலை செய்தது. அந்த வார்டின் இன்சார்ஜ் ரேவதி சிஸ்டர் அட்டையை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

“அல்லுடுகாரா?” என்றார். மருமகனா என்று கேட்கிறார், தெலுங்கு மரியாதையோடு. “மனோள்ளே, நம்ம ஆளுதான், சரி. ஆனா மெஷின் மேல செய்யி பெட்டக்கூடாது. கை வெக்கக்கூடாதுன்னு சொல்றேன்.”

“சேச்சே” என்றேன்.

மாமனாரைப் பார்த்தேன். வாயில் குழாய், அதைக் கட்டிய நாடா, மூக்கில் இன்னொரு குழாய், கழுத்தில் ஊசி. குழாயைப் பிடுங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைகளையும் மெத்துத் துணியால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். முதுகுப் பக்கம் திறந்த கவுன். இதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை. இருபது வருஷமாக என்னிடம் வருகிற குடும்பத்தார், மானிட்டரைக் காட்டி, “அந்த நம்பர் ஏன் சிவப்பா இருக்கு?” என்று நடுங்குவார்கள். நான் கனிவாகச் சிரித்து விளக்குவேன்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். சிவப்பாக ஒரு நம்பர் எரிந்தது. இருபத்துநாலு.

“சிஸ்டர், அந்த நம்பர் ஏன் சிவப்பா இருக்கு?” என்றேன்.

ரேவதி சிஸ்டர் திரும்பிப் பார்த்தார். “அது ஏசி” என்றார்.

அந்த நேரம் பார்த்து வென்டிலேட்டர் கத்தியது. என் விரல் பழக்கதோஷத்தில் போய் அலாரத்தை அமுக்கிவிட்டது. உள்ளே வந்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. “சார்! விசிட்டர்னா விசிட்டர் மாதிரி இருங்க!” என்ற சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர் கண் விழித்தார். அவருக்கு அது நல்லதாகவே அமைந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

4

மறுநாளிலிருந்து சேவையில் இறங்கினேன். மெஷினைத் தொடத்தானே தடை? மாமனாரைத் தொடத் தடை இல்லை. சிஸ்டர்களோடு சேர்ந்து வாய் துடைத்தேன். ஒருக்களித்துப் படுக்க வைக்கும்போது நானே இடுப்பைப் பிடித்தேன். போர்வையை விலக்கி, குதிகால், முழங்கால், பின்பக்கம் என்று ஒரு இடம் விடாமல் டார்ச் அடித்து, எங்கேயாவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்த்தேன். மூத்திரப் பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, “கலர் பரவால்ல மாமா!” என்று உரக்க அறிவித்தேன். எந்த மாப்பிள்ளை செய்வான்? வெளியே வந்து சுகுணாவிடம் போனில் சொல்லும்போது எனக்கே என் மேல் மரியாதை பிறந்தது.

ஒரு விஷயம்தான் உறுத்தியது. நான் கட்டிலை நெருங்கினாலே மெஷின் கத்தும். மூச்சு எண்ணிக்கை எகிறும், குழாயோடு இருமுவார், நாடி ஓடும். நான் விலகினால் எல்லாம் அடங்கும். இதை ஒரு அனுபவசாலியின் கண்ணோடு கூர்ந்து கவனித்து, ஒரு முடிவுக்கு வந்தேன். கிருமி ரத்தத்தில் கலந்துவிட்டது.

வென்டிலேட்டரிலிருந்து ஒருவரை இறக்குவதற்கு முன்னால் மயக்க மருந்தை நிறுத்தி, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்ப்பார்கள். கண்ணைத் திற, நாக்கை நீட்டு, கையை அமுக்கு. இங்கே இங்கிலாந்தில் நான் தினமும் காலையில் செய்கிற வேலை. நாக்கை நீட்டச் சொன்னால் வெள்ளைக்காரப் பெரியவர்களுக்கு ஒரே குஷி. ஒருவர் பெரிய டாக்டரைப் பார்த்து நீட்டிய நாக்கை, போதும் என்று சொன்ன பிறகும் உள்ளே இழுக்கவில்லை. சொல்கிற ஆள் பேசுகிற பாஷைதான் சில சமயம் தகராறு. நான் வந்த புதிதில் ஒரு டாக்டரிடம் “பேஷண்டுக்கு நல்லா மோஷன் போச்சு” என்று நம்ம ஊர் இங்கிலீஷில் சொல்ல, அவர் “எந்தப் பக்கமாக?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுத்தார்.

மாமனாருக்கு மருந்தை நிறுத்தினார்கள். காத்திருந்தார்கள். டாக்டர் குனிந்து, “தாத்தா! கள்ளு தெரவண்டி!” என்று கத்தினார்.

தெலுங்கில் கள்ளு என்றால் கண்கள். நான் பக்கத்தில் நின்று, “கள்ளுன்னு சொன்ன பெறகும் அசையலன்னா நெலம மோசம்தான்” என்று ஜோக் அடித்தேன். நடுங்குகிறவன் அடிக்கிற ஜோக்குக்கு யாரும் சிரிப்பதில்லை. எல்லைப் பக்கத்துக்காரர் என்பதால் மாமனாருக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. பாஷை காரணம் இல்லை.

ரேவதி சிஸ்டர் அவர் உள்ளங்கையில் தன் விரல்களை வைத்து, “தாத்தா, நொக்கண்டி. அமுக்குங்க” என்றார். கை மரக்கட்டை.

நான் தலைமாட்டுக்குப் போய், “மாமா! நான் மாப்ள வந்துகீறேன்! கண்ணத் தொறங்க! நாக்க நீட்டுங்க!” என்று உத்தரவு போட்டேன். திறக்கவில்லை. டாக்டர் விரலால் இமையைத் தூக்கப் பார்த்தார். இமை இன்னும் இறுகியது. இருபது வருஷ அனுபவம் உள்ள நர்ஸுக்கு அந்த இறுக்கத்தின் அர்த்தம் தெரிந்திருக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவன் இமையை இறுக்க மாட்டான். எனக்கு அப்போது என் பெயரே தெரியாது.

மறுநாளும் அதே பரீட்சை, அதே ஃபெயில்.

5

டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, தொழில்காரன் என்ற மரியாதையில் சுற்றி வளைக்காமல் சொன்னார். நுரையீரல் தேறிவிட்டது. மெஷின் சும்மா ஒப்புக்கு நிற்கிறது. ஆனால் விழிப்பு இல்லாமல் குழாயை எடுக்க முடியாது. எடுத்தால் சளியை இருமித் துப்பத் தெரியாது, மூச்சு அடைத்துப்போகும். சித்தூரில் கொஞ்ச நேரம் மூளைக்கு ஆக்ஸிஜன் போகாமல் இருந்திருக்கலாம். நாளைக் காலையிலும் இப்படியே இருந்தால் தலைக்கு ஸ்கேன் எடுத்துவிட்டு, கழுத்தில் துளை போட்டு அதன் வழியாகக் குழாய் வைத்துவிடலாம்.

இந்த வாக்கியங்களை நான் எத்தனையோ குடும்பங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். “சின்ன ஆப்பரேஷன்தான்” என்பேன். அன்றைக்கு என் கை தானாகப் போய் என் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தது. மூளை போய்விட்டது என்றால், தோப்பில் எந்த மரம் எந்த வருஷம் காய்க்காமல் ஏமாற்றியது என்று வரிசையாகச் சொல்கிற மனுஷன் போய்விட்டார் என்று அர்த்தம். கட்டிலில் மிச்சம் இருக்கப்போவது என்ன?

வெளியே என் மாமியார் இருந்தார். ஆம்புலன்ஸில் வந்து இறங்கிய நாளிலிருந்து அதே நாற்காலி, மடியில் அதே துணிப்பை. மாமியார் என்னிடம் நேரடியாகப் பேச மாட்டார். எங்கள் பக்கத்தில் பழைய வீடுகளில் அது வழக்கம். எனக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் இருக்கிற ஏதாவது ஒன்றுக்குச் சொல்வார். ஆஸ்பத்திரியில் அந்தப் பதவி ஒரு தூணுக்குக் கிடைத்திருந்தது.

நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூணிடம், “ஒரே ஒரு வாட்டி நான் போய்ப் பாத்துட்டு வந்தா, மாப்ளைக்கு எதுனா தொந்தரவா இருக்குமா?” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ். அது நான் வந்ததிலிருந்து என் சட்டைப் பையில் இருந்தது.

சுகுணா போனில் வந்தாள். நான் விவரம் சொல்லச் சொல்ல அவள் அழுகை நின்று கோபம் வந்தது.

“நீங்க கேட்டா எங்க நைனா என்னிக்கி வாயத் தொறந்து பேசுனாரு?”

“வாயில கொழா கீது சுகுணா!”

“கொழா போன வாரம் வந்துது. அதுக்கு முன்ன, மாப்ளன்ற மரியாதைக்குப் பன்னண்டு மொழம் தள்ளி நின்னு ரெண்டு வார்த்ததானே பேசுவாரு, மறந்துட்டீங்களா? எங்கம்மாவ உள்ள உடுங்க மொதல்ல.”

6

மறுநாள் காலை, டாக்டர் வருவதற்கு முன்னால், நானும் மாமியாரும் ஐ.சி.யூ. கதவுக்குப் போனோம். சேர்ந்து போகவில்லை. அவர் எனக்கு நாலடி பின்னால், தலையில் முந்தானையோடு வந்தார்.

“ஒக்கரே” என்றார் ரேவதி சிஸ்டர். ஒருத்தர்தான்.

“சிஸ்டர், அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. டெக்னிக்கலா நான் கூட இருந்தா...”

“ஒக்கரே சார். ரூல்.”

ரூல் என்றால் ரூல். மாமியார் உள்ளே போனார். நான் நல்ல பிள்ளையாகத் திரும்புவது போல் திரும்பி, சிஸ்டர் முதுகைக் காட்டியதும் உள்ளே நழுவி, கட்டிலைச் சுற்றி இழுத்திருந்த திரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே பேச்சு கேட்டது.

“அம்மா, செய்யி பட்டுக்குனி, பேரு பெட்டி பிலவண்டி. கையப் புடிச்சிப் பேரச் சொல்லிக் கூப்புடுங்க.”

மாமியார், “இன்னாங்க... சுகுணா நைனா... இதோ பாருங்க...” என்றார்.

“அப்படி இல்லம்மா. பேரு. முனிரத்தினம்னு கூப்புடுங்க.”

“அத எப்புடிம்மா நான் சொல்றது?” மாமியாரின் குரலில் நிஜமான அதிர்ச்சி. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்பவரைச் சொல்லச் சொல்வார். முனிரத்தினம் என்று பெயர் உள்ள பால்காரரை ‘பால் ஊத்தறவரு’ என்றே கடைசிவரை ஓட்டியவர்.

“சொல்லணும்மா. லேதண்டே, இல்லன்னா, டாக்டர் வந்து கழுத்துல ஓட்ட போடுவாரு.”

மாமியார் தாழ்ந்த குரலில், “மாப்ள போய்ட்டாரா?” என்று கேட்டார்.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூச்சைப் பிடித்தால் ஷூ மறையாது. திரைக்கு அடியில் அதைப் பார்த்த ரேவதி சிஸ்டர், “அல்லுடுகாரு! பயடகு வெள்ளண்டி! வெளிய!” என்று ஒரு அதட்டு அதட்டினார். செக்யூரிட்டி வந்து தோளைத் தொட்டார். “ஜருகண்டி சார்.”

கதவுக்கு வெளியே போய் நின்றேன். கண்ணாடிக் கதவு முழுசாக மூடுவதற்குள், ஐ.சி.யூ. முழுக்கக் கேட்கிற மாதிரி, கரும்புத் தோட்டத்துக்கு அந்தக் கோடியில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் ஒரு சத்தம் வந்தது.

“யோவ் முனிரத்தினம்!”

மெஷின் அலறியது. நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். முடிந்தது என்றே நினைத்தேன். பிறகு கேட்டது ரேவதி சிஸ்டரின் சிரிப்பு.

“சார்! கள்ளு தெரிச்சாரு! அம்மாவ மொறைக்கிறாரு சார்!”

உள்ளே என்ன நடந்தது என்று மாமியார் பிற்பாடு தூணுக்கு விலாவாரியாகச் சொன்னார். கண்ணைத் திறந்தவர் முதலில் பெண்டாட்டியை எரித்துவிடுவது போல் பார்த்தார். பிறகு கண்ணை உருட்டி, கட்டிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தேடினார். மாமியாருக்குப் புரிந்துவிட்டது. “அவரு இல்ல. வெளிய தாட்டி உட்டாங்க. நீங்க கையப் புடிங்க” என்றிருக்கிறார். பிடித்தார். பெண்டாட்டி விரல் வலிக்கிற அளவுக்கு. டாக்டர் ஓடி வந்தார். தலையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார். நாக்கை நீட்டச் சொன்னதற்கு மட்டும், ஊரார் எதிரில் இது என்ன கேள்வி என்பது போலப் பார்த்தார். சரி, அது வேண்டாம் என்று டாக்டரே விட்டுவிட்டார்.

கைக்கட்டை அவிழ்த்தபோது எல்லாரும் உஷாராக நின்றார்களாம். அவிழ்த்ததும் கை நேராகக் குழாய்க்குப் போகும், பிடுங்கும், அதுதான் எங்கள் உலகத்தில் நடப்பது. மாமனாரின் கை குழாய்ப் பக்கமே போகவில்லை. கீழே போய்ப் போர்வையைப் பிடித்து, நெஞ்சுவரை இழுத்து மூடிக்கொண்டது.

தூணுக்கு இந்தப் பக்கம் நின்று இதைக் கேட்டபோது என் முகம் எப்படி இருந்தது என்று தூணுக்குத்தான் தெரியும். நான் அவர் வீட்டுப் படி ஏறுகிற சத்தம் கேட்டால், தோட்டத்தில் இருந்தாலும் ஓடிப்போய்ச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறவர் அவர். நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவர் இலை போடுவார். என் எதிரில் கொட்டாவி விட்டதுகூட இல்லை. அந்த மனுஷனைக் கட்டிப் போட்டு, போர்வையை விலக்கி, டார்ச் அடித்து, அவர் மூத்திரத்தின் நிறத்தை வார்டுக்கே அறிவித்திருக்கிறேன். அவரால் செய்ய முடிந்த ஒரே காரியம் கண்ணை மூடிக்கொள்வது. அதைச் செய்தார். நாங்கள் மூளை போய்விட்டது என்றோம்.

ரத்தத்தில் கலந்த கிருமி நான்தான்.

7

அன்றைக்கே குழாயை எடுப்பது என்று முடிவானது. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் அடையாள அட்டையைக் காட்டவில்லை. பாஸ் மாமியாரிடம் இருந்தது.

குழாயை எடுக்கிற வேலை நான் நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன். வாயையும் தொண்டையையும் உறிஞ்சிச் சுத்தம் செய்வோம், உள்ளே குழாயைப் பிடித்து நிறுத்தியிருக்கிற காற்றுப்பையைச் சுருக்குவோம், மூச்சை இழுத்து விடச் சொல்லி, விடும்போது உருவிவிடுவோம். உருவியதும் எல்லாரும் ஒரே ஒரு சத்தத்துக்காகக் காத்திருப்போம். இருமல். வலுவாக இருமினால் பிழைத்தார். பூனை மாதிரி ஒரு முனகல் வந்தால், மறுபடியும் குழாய், மறுபடியும் கட்டு, மறுபடியும் கழுத்தில் துளை போடுகிற பேச்சு.

கதவுக்கு வெளியே நின்று அந்தச் சத்தத்துக்குக் காத்திருப்பது எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. எத்தனையோ பேரை, “நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று அனுப்பியிருக்கிறேன். தொண்டைக்குள் எச்சில்கூட இறங்காது, டீயாம்.

கண்ணாடியில் காதை ஒட்ட வைத்துக்கொண்டேன். செக்யூரிட்டி பார்த்தார். அவர் வாய் அந்தச் சொல்லுக்குத் தயாரானது. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, சொல்லாமல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கரகரப்பு. பிறகு வந்தது இருமல். ஃபேக்டரி வாசலில் கிளம்பாத டிராக்டரை மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி, குடலைப் புரட்டிக்கொண்டு, கண்ணாடி அதிர, ஒரு நாலு இருமல். அசிங்கமான, சளி கட்டிய, தெய்வீகமான இருமல். நான் உட்கார்ந்துவிட்டேன். நாற்காலி கொஞ்சம் தள்ளி இருந்தது, தரையில் உட்கார்ந்தேன்.

அதற்குப் பிறகும் யாரும் கூப்பிடவில்லை. என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்கக் கால் துடித்தது. மெஷின் சத்தம் நின்றிருந்தது. உள்ளே மாமியார் துணிப்பையைத் திறக்கிற சத்தம், யாரோ தண்ணீரில் துணியைப் பிழிகிற சத்தம், ரேவதி சிஸ்டர் “இக சாலு தாத்தா, போதும்” என்று சலித்துக்கொள்கிற சத்தம். ரொம்ப நேரம்.

கடைசியில் கதவு திறந்தது. “அல்லுடுகாரு, ரண்டி, வாங்க” என்றார் சிஸ்டர். “ரூலுக்கு அஞ்சு நிமிஷம் லீவு.”

உள்ளே போனேன். கட்டிலின் தலைமாட்டை நன்றாக உயர்த்தி அவரை உட்கார வைத்திருந்தார்கள். தலை படிய வாரியிருந்தது. நெற்றியில் திருமண் கோடு. கவுனுக்கு மேலே வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க். மாமியார் அந்தப் பக்கத்துச் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றிருந்தார்.

நான் கட்டிலிலிருந்து நாலடி தள்ளியே நின்றேன். எந்த நம்பரையும் பார்க்கவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். சிஸ்டர் வேண்டாம் வேண்டாம் என்று தடுக்கத் தடுக்க, மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கினார். பாதி காற்றும் பாதி குரலுமாக, வீட்டு வாசலில் நின்று வரவேற்கிற அதே தோரணையில் கேட்டார்.

“வாங்க மாப்ள. எப்ப வந்தீங்க?”

“இப்பதான் மாமா” என்றேன். “வந்ததும் நேரா இங்கதான் வர்றேன்.”